சுடப்படும் என்பதா, சுடுவோம் என்பதா

1998 பிப்ரவரி 14 அன்று கோயம்புத்தூரில் தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் இறந்துபோனதற்கு இரண்டு நாள் கழித்து, வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்த என் அப்பா, ஒரு ராணுவ லாரியின் பின்பலகையில் விரித்துப் போட்டிருந்த காடாத் துணியின் மேல் குனிந்து, நீலப் பெயிண்டால் தமிழ் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார். வடக்கிலிருந்து வந்திருந்த அந்தப் படைப்பிரிவிடம் இந்தியில் எழுதிய பதாகை ஒன்று தயாராக இருந்தது. ஆனால் கூட்டத்துக்குக் காட்டும் எச்சரிக்கை அந்த ஊர்க்காரர்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நடைமுறை. ஊரடங்கில் பதாகை எழுதுபவரை எங்கே போய்த் தேடுவது? ஜீப்புகளுக்கு எண் எழுதுவதற்காக அலுவலகத்தில் வைத்திருந்த பெயிண்ட் டப்பாவும், முடி கொட்டிப்போன ஒரு தூரிகையும், ஓரளவு நல்ல கையெழுத்தும் அப்பாவிடம் இருந்தன.

அவர் முதலில் எழுதிய வாசகம், "கலைந்து செல்லவும். தவறினால் சுடப்படும்." இருபது ஆண்டுகள் அரசுக் கோப்புகளில் எழுதிப் பழகிய கைக்குத் தானாக வரக்கூடிய வாசகம் அது. அரசுத் தமிழில் எதையும் யாரும் செய்வதில்லை, எல்லாம் செய்யப்படும்; நடவடிக்கை எடுக்கப்படும், மனு பரிசீலிக்கப்படும், நிலம் கையகப்படுத்தப்படும். எழுதி முடித்துப் பெயிண்ட் காயட்டும் என்று தள்ளி நின்று பார்த்தபோதுதான், டீக்கடைப் பலகையில் "இங்கு வடை சுடப்படும்" என்று எழுதியதைப் போல அது இருக்கிறதே என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. யார் சுடுவார்கள், யாரைச் சுடுவார்கள் என்ற இரண்டுமே அந்தச் சொல்லில் இல்லை. துணியைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் "கலைந்து செல்லுங்கள். இல்லையென்றால் சுடுவோம்" என்று எழுதினார். அந்தப் படைக்குத் தலைமை ஏற்றிருந்த மேஜருக்குத் தமிழ் தெரியாததால் அவர் எதையும் கேட்கவில்லை. ஆனால் அந்த "ஓம்" விகுதிக்குள் தானும் இருக்கிறோம் என்பது எழுதி முடித்த பிறகுதான் அப்பாவுக்கு உறைத்திருக்கிறது.

நாட்டுக்குள் நடக்கும் கலவரத்தை அடக்க ராணுவத்தை அனுப்பலாமா கூடாதா என்ற வாதம் உலகில் எங்கேனும் எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தத் துணிதான். ராணுவம் வருவது நல்லதா கெட்டதா என்ற கேள்வியை, அந்தச் சுடுவோம் என்ற வினைக்கு எழுவாய் யார் என்ற கேள்வியிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

அப்பா அந்த லாரியில் இருந்ததற்குக் காரணம் ஒரு சட்டப் பிரிவு. அன்று நடைமுறையில் இருந்த 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129-ஆம் பிரிவு, சட்டவிரோதமாகக் கூடிய கூட்டத்தைக் காவல்துறையைக் கொண்டு கலைப்பதைப் பற்றியது. அதனால் முடியாதபோது, பொதுப் பாதுகாப்புக்காகக் கூட்டத்தைக் கலைத்தே தீர வேண்டும் என்ற நிலை இருந்தால், அந்த இடத்தில் இருக்கும் நிர்வாக நடுவர்களில் பதவியால் மூத்தவர் ராணுவத்தைக் கொண்டு கலைக்கச் செய்யலாம் என்றது 130-ஆம் பிரிவு. மாவட்ட ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், துணை வட்டாட்சியர் ஆகியோரே அந்த நிர்வாக நடுவர்கள். பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் நாம் வரிசையில் நின்று பார்க்கும் அதே மனிதர், ஒரு நாள் ஒரு படைப்பிரிவுக்கு அருகில் நின்று, இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் அதிகாரம் பெற்றவராகிவிடுகிறார்.

அப்படி எழுதிக் கொடுப்பதற்கான படிவம் ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் நான்காக மடிக்கப்பட்டு இருந்தது. இடம், நேரம், கூட்டத்தின் தன்மை என்பவற்றுக்கு வெற்றிடங்கள், கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு. லாரி புறப்படுவதற்கு முன்னால் மேஜர் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னதை அப்பா பலமுறை எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்: "சுட வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் எழுதித் தர வேண்டும், அதை நான் தீர்மானிக்க மாட்டேன். எழுதித் தந்த பிறகு எப்படிச் சுடுவது என்பதை நான் தீர்மானிப்பேன், அதில் நீங்கள் தலையிடக் கூடாது." அந்த அதிகாரி சட்டத்தை அப்படியே ஒப்பித்தார் என்பது பிற்பாடு படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நடுவரின் கோரிக்கையை ராணுவ அதிகாரி தனக்குத் தகுந்தது என்று படும் முறையில் நிறைவேற்றலாம். ஆனால் கூட்டத்தைக் கலைப்பதற்கும் ஆட்களைப் பிடிப்பதற்கும் எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவைத்தான் பயன்படுத்த வேண்டும், உயிருக்கும் உடைமைக்கும் எவ்வளவு குறைவாகச் சேதம் விளைவிக்க முடியுமோ அவ்வளவோடு நிறுத்த வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. நடுவரைத் தொடர்புகொள்ளவே வழியில்லாத நெருக்கடியில் அதிகாரி தானாகவே செயல்படலாம் என்று அடுத்த பிரிவு இடம் தருகிறது என்றாலும், தொடர்பு கிடைத்த நொடியில் அவர் நடுவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுவிட வேண்டும்.

அப்பா அந்தப் படையோடு சுற்றிய மூன்று நாளும் படிவம் பையிலேயே இருந்தது. படை வந்திருப்பதைக் காட்டிக்கொண்டு தெருக்களில் வலம்வரும் கொடி அணிவகுப்பு மட்டும் நடந்தது. உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் லாரிகள் நடை வேகத்தில் ஊர்ந்தன என்றும், சன்னல்கள் விரல் அகலத்துக்குத் திறந்து மூடின என்றும், பின்பலகையில் உட்கார்ந்திருந்த சிப்பாய்கள் யாருடைய முகத்தையும் உற்றுப் பார்க்காமல் கூரைகளையே பார்த்துக்கொண்டு வந்தார்கள் என்றும் அப்பா சொல்வார். எங்கள் தெருவிலும் ஒருமுறை வந்தார்கள். "மிலிட்டரி வந்துருச்சுங்க, இனிப் பயமில்லீங்க" என்று பக்கத்து வீட்டு அத்தை அம்மாவிடம் சொன்னார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. உள்ளூர்ப் போலீசுக்கு ஒரு பக்கம் உண்டு என்று ஊரே நம்பிய நேரம் அது. முந்தைய நவம்பரில் ஒரு காவலர் கொலைசெய்யப்பட்டதும், அதைத் தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டதும், குண்டுவெடிப்புக்கு முந்தைய கதை. எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இந்த ஊரில் யாரும் மாமன் மச்சான் இல்லை என்பதே அன்று அவர்களுடைய பெரிய தகுதியாக இருந்தது.

ஆனால் அந்த லாரியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்பதையும் அப்பா கவனித்து வைத்திருந்தார். துப்பாக்கிகள், எச்சரிக்கைத் துணி, ஒலிபெருக்கி, கூட்டத்துக்கும் படைக்கும் நடுவே எல்லை காட்டுவதற்கான வெள்ளை நாடா, ஒரு ஸ்டிரெச்சர். லத்தி இல்லை, கண்ணீர்ப்புகைக் குண்டு இல்லை, மூங்கில் கேடயம் இல்லை. போலீஸ்காரருக்கு ஒரு கூட்டத்தின் முன்னால் ஏழெட்டுப் படிகள் உண்டு: பேசலாம், அதட்டலாம், தள்ளலாம், அடிக்கலாம், புகை விடலாம், தண்ணீர் பீய்ச்சலாம். ராணுவத்துக்கு இருப்பது இரண்டே படிகள்தான். வந்து நிற்பது முதல் படி, சுடுவது இரண்டாவது. இடையில் ஒன்றும் இல்லாததால்தான் முதல் படிக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது. கொடி அணிவகுப்பு பலிக்க வேண்டுமானால், அந்த ஊரில் அதற்கு முன் அந்தத் துப்பாக்கி வெடித்திருக்கக் கூடாது.

பயிற்சி என்பது உடம்பில் ஏறியிருக்கும் ஒன்று. 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரத்தின்போது நடந்ததாகப் பல இராணுவ ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டும் ஒரு சம்பவம் இதற்கு நல்ல சான்று. குடும்பச் சண்டை ஒன்றை விசாரிக்கப் போன போலீஸ்காரர்களோடு மரீன் படையினர் சிலரும் சேர்ந்து போயிருந்தார்கள். வீட்டுக்குள்ளிருந்து கதவு வழியாகச் சிறு ரவைகள் வந்து விழவே, போலீஸ்காரர் ஒருவர் "கவர் மீ" என்று கத்தினார். அவருடைய தொழிலில் அதற்குப் பொருள், நான் நகரும் வரையில் துப்பாக்கியை அந்தப் பக்கம் குறிபார்த்துத் தயாராக இரு என்பது. மரீன்களின் தொழிலில் அதற்குப் பொருள், நான் நகரும் வரையில் எதிரி தலை தூக்காதபடி சுட்டுக்கொண்டே இரு என்பது. இருநூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் அந்த வீட்டுக்குள் பாய்ந்தன. உள்ளே குழந்தைகளும் இருந்தார்கள். ஒருவருக்கும் காயம் இல்லை என்பதை நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே யாரும் விதியை மீறவில்லை, யாரும் வன்மம் கொள்ளவில்லை. ஒரே சொல்லை இரண்டு தொழில்கள் இரண்டு விதமாகக் கேட்டன, அவ்வளவுதான்.

இந்தியாவில் இன்னொரு குழப்பம் உண்டு. பச்சையும் பழுப்பும் கலந்த உடையில் யார் வந்தாலும் நமக்கு மிலிட்டரிதான். மத்திய ரிசர்வ் போலீசின் ஒரு பிரிவாக, கலவரங்களுக்கென்றே 1992-இல் உருவாக்கப்பட்ட அதிரடிப்படையின் ஒரு பட்டாலியன் கோவையிலேயே இருக்கிறது. நீல நிறச் சீருடையில் அவர்கள் வரும்போதும் எங்கள் ஊரில் "மிலிட்டரி" என்றே சொல்வார்கள். 2016-இல் ஹரியானாவில் ஜாட் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எல்லை மீறி, சாலைகள் துண்டிக்கப்பட்டு, ரோத்தக்கில் படையினரை ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தபோது, தாங்கள் ராணுவம் என்று எழுதிய பதாகையைப் பிடித்துக்கொண்டே ராணுவத்தினர் நடக்க வேண்டியிருந்தது. மாநிலப் போலீசும் துணைப்படைகளும் ராணுவத்தைப் போலவே உடுத்துகின்றன என்ற மனக்குறை ராணுவத்துக்கு நெடுங்காலமாக இருக்கிறது. இது உடை பற்றிய சில்லறைச் சண்டையாகத் தெரியலாம். கடைசிப் படி எது என்பது கூட்டத்துக்குத் தெரியாமல் போவதுதான் இதிலுள்ள ஆபத்து.

"எவ்வளவு குறைந்த பலம் போதுமோ அவ்வளவு" என்ற அந்த வாசகம் 1973-இல் புதிதாக எழுதப்பட்டதன்று. ஆங்கிலேயர் இயற்றிய 1898-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருக்கிறது. இதை முதன்முதலாகக் கண்டபோது நான் சற்று நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அப்படியானால் 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகுக்குள் நுழைந்த ஜெனரல் டயரின் காலத்திலும் அதுதான் சட்டம். 50 துப்பாக்கி வீரர்கள், ஏறத்தாழ 10 நிமிடம், 1650 தோட்டாக்கள், அரசுக் கணக்கின்படியே 379 சாவுகள் என்ற எண்கள் பள்ளிப் பாடத்தில் வருபவை. பாடத்தில் வராத ஒன்று உண்டு. அமிர்தசரஸின் துணை ஆணையர், அதாவது இன்றைய மாவட்ட ஆட்சியருக்கு நிகரான மைல்ஸ் இர்விங், நகரத்தின் பொறுப்பை அதற்குச் சில நாட்களுக்கு முன்பே ராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு விலகிக்கொண்டார். ராணுவச் சட்டம் முறைப்படி அறிவிக்கப்பட்டதோ படுகொலைக்குப் பிறகு. பாகுக்குள் டயர் போனபோது அவருக்குப் பக்கத்தில் எந்த நடுவரும் இல்லை. கூட்டத்துக்கு எச்சரிக்கை தரவில்லை. சுடாமலேயே கூட்டத்தைக் கலைத்திருக்க முடியும் என்றும், ஆனால் அவர்கள் திரும்பி வந்து தன்னைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள் என்றும் படுகொலையை விசாரித்த ஹண்டர் குழுவின் முன் அவரே சொன்னார். கவச வண்டிகள் அந்தக் குறுகிய சந்துக்குள் நுழைய முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கிகளையும் பயன்படுத்தியிருப்பேன் என்றார். கூட்டத்தைக் கலைப்பது அவருடைய நோக்கமாகவே இல்லை; பஞ்சாப் முழுவதற்கும் ஒரு பாடம் புகட்டுவதே நோக்கம். அவரைக் கொடியவர் என்று சொல்லி முடித்துக்கொள்வது எளிது, அவர் கொடியவர்தான். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் பேனாவையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டுப் போனதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதற்குப் பதினோராண்டு கழித்து, 1930 ஏப்ரல் 23 அன்று, பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைவீதியில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. கான் அப்துல் கஃபார் கானின் ஆதரவாளர்கள் ஆயுதமின்றித் திரண்டிருந்தார்கள். அன்று அங்கே துப்பாக்கிச் சூடு நடக்கத்தான் செய்தது, மக்கள் இறக்கத்தான் செய்தார்கள். ஆனால் அங்கே நிறுத்தப்பட்ட கார்வால் ரைபிள்ஸ் வீரர்கள், அதிகாரிகளுக்குக் கீழ்நிலையில் உள்ள ஹவில்தார் சந்திர சிங்கின் தலைமையில், அந்தக் கூட்டத்தின் மீது சுட மறுத்துவிட்டார்கள். ராணுவ நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர் 1941-இல்தான் வெளியே வந்தார். அப்பாவுக்கு இந்தக் கதையின் மேல் ஒருவகை மனத்தாங்கல் உண்டு. "சிப்பாய் மறுத்தாத்தான் ஜனங்க பொழைப்பாங்கன்னு ஆயிருச்சுன்னா, அதுக்கு முன்னாடி மேல இருந்த அத்தனை பேரும் தப்புப் பண்ணியிருக்காங்கன்னு அர்த்தம் கண்ணு" என்பார். சந்திர சிங்கைப் போற்றுவதில் அவருக்குக் குறை இல்லை. ஒரு ஹவில்தாரின் மனசாட்சியைத் தவிர வேறு தடுப்பு இல்லாத ஏற்பாட்டைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

அப்பா அப்படிப் பேசியதற்கு அவருடைய பதினெட்டாம் வயதும் ஒரு காரணம். 1965 ஜனவரி 26 முதல் இந்தியே ஒன்றியத்தின் ஆட்சிமொழி என்பதை எதிர்த்துத் தமிழ்நாடு கொந்தளித்தபோது அவர் கோவையில் கல்லூரி மாணவர். பக்தவத்சலம் முதலமைச்சர். பிப்ரவரி 10 அன்று திருப்பூரில் இரண்டு காவல் உதவி ஆய்வாளர்கள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். அதற்கு அடுத்த நாள் பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. ராணுவம் இறங்கிய நாட்கள் அவை. பொள்ளாச்சியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அரசு ஓர் எண்ணையும் ஊர் வேறோர் எண்ணையும் சொன்னது. மாநிலம் முழுவதற்குமாக அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது சுமார் 70. எங்கள் பக்கத்தில் வயதானவர்களைக் கேட்டால் பொள்ளாச்சிக்கு மட்டுமே அதைவிடப் பெரிய எண்ணைச் சொல்வார்கள். எண் எதுவாக இருந்தாலும், சுட்டவர்கள் பேசிய மொழியும் சுடப்பட்டவர்கள் எதிர்த்த மொழியும் ஒன்று என்று மக்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தப் படையினரில் பலர் இந்தி பேசாதவர்களாகவே இருந்திருக்கக்கூடும், அது இங்கே பொருட்டில்லை. தூரத்திலிருந்து வந்தவர் என்ற அதே தகுதி 1998-இல் எங்கள் தெருவுக்கு நிம்மதியைத் தந்தது, 1965-இல் அந்நியப் படை வந்ததாகத் தோன்ற வைத்தது. இரண்டு வருடம் கழித்து வந்த தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டில் ஆட்சியை இழந்தது, இன்றுவரை திரும்பவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, ராணுவத்தை அழைக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984-ஐ மறந்தவர்கள் மட்டுமே அப்படிச் சொல்ல முடியும். அக்டோபர் 31 அன்று இந்திரா காந்தி கொல்லப்பட்டார். அன்று இரவு தொடங்கி நவம்பர் 3 வரை தில்லியில் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டார்கள். அரசு பின்னர் ஒப்புக்கொண்ட கணக்கு 2733. தில்லி கண்டோன்மென்ட் ஏதோ ஒரு மாநிலத்தின் மூலையில் இல்லை. அதே நகரத்தில் இருக்கிறது. திரிலோக்புரியில் டயரைக் கழுத்தில் மாட்டி ஆட்களைக் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில், ஊர்திகளோடும் ஆட்களோடும் ஒரு ராணுவம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அதை முறையாக அழைத்து, எந்தத் தெருவுக்குப் போ என்று சொல்லி, கூடவே ஒரு நடுவரை அனுப்ப வேண்டியவர்கள் முழுமையாகச் செய்து முடிக்க நாட்கள் பிடித்தன. காலத்தில் அழைத்திருந்தால் பெருமளவு உயிர்கள் பிழைத்திருக்கும் என்று அந்த வன்முறையை விசாரித்த மிஸ்ரா ஆணையம் சொன்னது. அமிர்தசரஸில் பேனாவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றால், தில்லியில் பேனாவை யாரும் கையில் எடுக்கவில்லை. இரண்டிலும் துப்பாக்கி ஏந்தியவர்களைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள்.

2002 குஜராத் கலவரத்தைப் பற்றி, அங்கே படைக்குத் தலைமை ஏற்றுச் சென்ற லெப்டினன்ட் ஜெனரல் ஜமீர் உத்தீன் ஷா ஓய்வுக்குப் பிறகு எழுதியது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. மார்ச் 1 காலையிலேயே சுமார் 3000 வீரர்கள் அகமதாபாத் விமான தளத்தில் இறங்கிவிட்டார்கள் என்றும், நகருக்குள் போக ஊர்திகள் வந்துசேர ஏறத்தாழ ஒரு நாள் வீணானது என்றும் அவர் சொன்னார். தாமதம் ஏதும் இல்லை என்பது அந்தக் கலவர வழக்குகளை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழுவின் முடிவு. யார் சொல்வது சரி என்று தீர்ப்பளிக்க நான் ஆளில்லை. ஆனால் ஷா கேட்ட பட்டியலைப் பாருங்கள்: ஊர்திகள், போலீஸ் வழிகாட்டிகள், நகரின் வரைபடம், நிர்வாக நடுவர்கள். ஒரு ஜெனரல், ஆயிரக்கணக்கான வீரர்களோடு வந்து இறங்கிய பிறகும், பையில் ஒரு படிவத்தோடு வந்து லாரியில் ஏறப்போகும் ஒரு தாசில்தாருக்காகக் காத்திருக்கிறார். இதைச் சிவப்பு நாடாத்தனம் என்று எரிச்சலோடு சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாசில்தார் வராததுதான் அங்கே பிழை, வர வேண்டும் என்ற விதி அல்ல.

அந்த விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே விடை இருக்கிறது. 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்தை அடக்க வைஸ்ராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தார். நடுவரின் கையெழுத்து இல்லாமல் சுடும் அதிகாரத்தை அதில் கேப்டன் பதவிக்குக் குறையாத அதிகாரிக்குக் கொடுத்தார். விடுதலை பெற்ற இந்தியா 1958-இல் அசாமுக்கும் மணிப்பூருக்குமென்று அதே அச்சில் வார்த்த ஆயுதப்படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் அந்த அதிகாரத்தை ஹவில்தார் மட்டத்துக்கு இறக்கியது. வெள்ளைக்காரன் கேப்டனை நம்பிய இடத்தில் நாம் ஹவில்தாரை நம்பினோம் என்பதை ஜனநாயகம் என்று யாரேனும் கேலியாகச் சொன்னால் என்னிடம் மறுமொழி இல்லை. எச்சரிக்கை தந்துவிட்டுத் தேவை என்று கருதினால் சாகும்படியும் சுடலாம். வழக்குத் தொடர வேண்டுமானால் நடுவண் அரசின் முன்னனுமதி வேண்டும். சிவில் அதிகாரத்துக்குத் துணையாக வருவது என்றால் சிவில் அதிகாரத்தின் இடத்தில் உட்கார்ந்துகொள்வது ஆகாது என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பில் சட்டம் செல்லும் என்றும் சொன்னது. 2021 டிசம்பர் 4 அன்று நாகாலாந்தின் ஓட்டிங் கிராமத்துக்கு அருகில், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை முடித்து ஒரு வண்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்த தொழிலாளர்களில் ஆறு பேரை, தீவிரவாதிகள் என்று எண்ணிச் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். மாநிலப் போலீஸ் குற்றப்பத்திரிகை வரை போனது. நடுவண் அரசு அனுமதி மறுத்தது.

இலங்கையில் இந்தக் கையெழுத்து வேறு விதமாகத் தேய்ந்தது. அங்கே 1947-ஆம் ஆண்டுப் பொதுப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பொது ஒழுங்கைப் பேண முப்படைகளையும் அழைப்பதாக ஜனாதிபதி வர்த்தமானியில், அதாவது அரசிதழில், அறிவிக்கலாம். ஓர் அறிவிப்பு ஒரு மாதம்தான் செல்லும். 2011-இல் அவசரகாலச் சட்டம் நீங்கிய பிறகு, மாவட்டங்களின் பெயர்களை எல்லாம் அடுக்கி, அந்த அறிவிப்பு மாதந்தோறும் வெளிவந்துகொண்டேயிருந்தது. ஒவ்வொரு மாதமும் யோசித்துப் போட வேண்டிய கையெழுத்து மின்கட்டணம் கட்டுவதைப் போல ஆகிவிட்டது. வடக்கிலும் கிழக்கிலும் வாழ்ந்த தமிழர்களுக்கு இராணுவம் வீதியில் நிற்பது செய்தியே அல்ல. அவர்களில் ஒரு தலைமுறை அதைப் பார்த்துத்தான் பிறந்து வளர்ந்தது. தெற்கு அதிர்ந்தது 2013 ஆகஸ்ட் 1 அன்று. கம்பஹா மாவட்டத்தின் ரத்துபஸ்வலவில், கையுறைத் தொழிற்சாலை ஒன்றால் தங்கள் கிணற்று நீர் கெட்டுப்போனது என்று குடிநீர் கேட்டு மறியல் செய்த சிங்களக் கிராமத்தவர்கள் மீது இராணுவம் சுட்டதில் மூன்று பேர் இறந்தார்கள், அனைவரும் இளைஞர்கள். தேவாலயத்துக்குள் ஓடி ஒளிந்தவர்களும் தாக்கப்பட்டார்கள். வடக்கில் பழகிய கை தெற்கில் நீண்டபோது, அதைத் தடுத்துக் கேட்கும் பழக்கமே யாருக்கும் மிச்சமிருக்கவில்லை.

தூத்துக்குடிக்கும் ராணுவத்துக்கும் தொடர்பில்லை. 2018 மே மாதம் அங்கே சுட்டது போலீஸ், இறந்தவர்கள் 13 பேர். ஆனால் சுடுவதற்கு உத்தரவிட்டவர்கள் துணை வட்டாட்சியர்கள் என்று முதல் தகவல் அறிக்கையில் வெளிவந்தபோது, எழுபது வயதைத் தாண்டிவிட்ட அப்பா செய்தித்தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "தாசில்தார் கையெழுத்துன்னு ஊரே சிரிக்குது. எனக்குச் சிரிப்பு வரல கண்ணு" என்றார் பிறகு. அந்தப் படிவத்தில் நேரம் எழுதுவதற்கென்று ஒரு வெற்றிடம் இருந்தது என்றும், கையெழுத்தைவிட அந்த நேரம்தான் முக்கியம் என்றும், கூட்டத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்பவன் மட்டுமே அதை நிரப்ப முடியும் என்றும் சொன்னார். அவர் காலமாகி இப்போது சில வருடங்கள் ஆகின்றன.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. பெரும்பாலும் பெயரையும் எண்ணையும் மாற்றியிருக்கிறார்கள் என்று எண்ணித்தான் நான் அதைப் புரட்டினேன். 130 இப்போது 149. "எவ்வளவு குறைந்த பலம்" என்ற 1898-ஆம் ஆண்டு வாசகம் அப்படியே இருக்கிறது. ஆனால் தொடக்கத்தில் ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். அந்த இடத்தில் இருக்கும் நிர்வாக நடுவர்களில் மூத்தவர் என்றிருந்தது, மாவட்ட நடுவர் அல்லது அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டு அங்கே இருக்கும் நிர்வாக நடுவர் என்று ஆகியிருக்கிறது. இதை இரண்டு விதமாகவும் படிக்கலாம். பயந்துபோன ஒரு துணை வட்டாட்சியர் அவசரத்தில் எழுதிக் கொடுத்துவிடாமல், பொறுப்பை ஆட்சியர் வரை கொண்டுபோகிறது என்று படித்தால் நல்லதுதான். கீழே இருப்பவர் தலையில் கட்டிவிட்டு மேலே இருப்பவர் தப்புவதற்கு இது கொஞ்சம் தடையாக இருக்கும். ஆனால் 1984 நவம்பர் 1 போன்ற ஒரு காலை வரும்போது, தெரு எரிவதைப் பார்த்துக்கொண்டு ராணுவ லாரியின் பக்கத்தில் நிற்கும் வட்டாட்சியர், தனக்கு ஏற்கனவே அதிகாரம் எழுதித் தரப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஆட்சியரைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். ஆட்சியரோ தலைமைச் செயலகத்தைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டிருப்பார்.

அப்பாவின் பழைய கோப்புப் பெட்டியில் அந்தப் படிவம் இன்னும் இருக்கிறது. மடிப்புகளில் தாள் கிழியத் தொடங்கிவிட்டது. இடம், நேரம், கையொப்பம் மூன்றும் காலியாகவே இருக்கின்றன. மேல் மூலையில் மட்டும் நீலப் பெயிண்டால் ஒரு பெருவிரல் ரேகை.